பதினொரு பேருக்கும் ஒரே விசில்

ஜூன் 6

அண்ணா,

நான் நல்லா இருக்கேன். அம்மாவோட முட்டி வலி அப்படியே இருக்கு, அப்பாவுக்கு என்மேல இருக்கற கோவமும் அப்படியே இருக்கு. நீ எப்படி? அந்தத் தீவுல காத்த அளக்கறத தவிர வேற எதாவது நடக்குதா?

எனக்கு வேலை கெடச்சிருக்கு. சிரிக்காத. காலேஜ ரெண்டாவது வருஷம் விட்டேன், போன் கடைய விட்டேன், கூரியர் ஆபீஸ நாப்பதே நாள்ல விட்டேன், எல்லாம் தெரியும். இது வேற மாதிரி. நம்ம தெருமுனை அரசுப் பள்ளியில பேச்சுப் பயிற்சி அறைக்கு உதவியாள். பேச்சு டீச்சர்னு ஒருத்தங்க வியாழக்கிழமை மட்டும் வருவாங்க. அவங்களுக்கு மொத்தம் ஒம்போது பள்ளி. மடிக்கற கண்ணாடி, பஞ்சு, ஸ்ட்ரா எல்லாத்தையும் ஒரே பையில போட்டுட்டு பஸ்ல அலையறாங்க. மத்த நாலு நாள் அவங்க சொல்லிக்குடுத்தத பிள்ளைங்கள வச்சு திருப்பித் திருப்பி செய்ய வைக்கறது என் வேலை.

ஹெட்மாஸ்டர் "பொறுமை இருக்காம்மா?"ன்னார். "இல்ல சார்"னேன். "வேற யாரும் விண்ணப்பிக்கல, நாளைக்கு வந்துடு"ன்னார்.

அப்பா ஒரு மாசம்னு கெடு வச்சிருக்கார். நீ எவ்ளோ வைக்கற?

உன் தங்கச்சி


ஜூன் 27

அன்புள்ள பாப்பா,

நலம். உன் கடிதம் இந்தப் படகில் வந்தது. அம்மாவை மாடி ஏற வேண்டாம் என்று சொல்.

வேலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆறு மாதம் தாங்கினாய் என்றால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன். இங்கே என்னோடு இருக்கும் சமையல்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனில் வரவில்லை என்று அம்மா வருத்தப்பட வேண்டாம். இங்கே இருப்பது ஒரே ஒரு சாட்டிலைட் போன், ஆளுக்குப் பத்து நிமிடம். லைன் சரியாக எடுப்பதில்லை. கடிதம்தான் எனக்கு வசதி.

காற்று: தென்மேற்கு, மிதம்.

அண்ணன்


ஜூலை 13

அண்ணா,

இங்க எல்லாரும் சௌக்கியம். உன் மீசைக்கு இப்பவே என் அனுதாபம்.

எங்க அறை முன்னாடி விளையாட்டு சாமான் ரூமா இருந்துச்சு. இன்னும் பந்து ரப்பர் வாடை போகல. குட்டி நாற்காலி பன்னெண்டு, சுவத்துல ஒரு நீளக் கண்ணாடி. இந்த அரையாண்டு 'ச' வராத பிள்ளைங்க மட்டும்தான், பதினொரு பேர். சிலது நாக்க பல்லுக்கு வெளிய நீட்டுது, சிலதுக்கு காத்து கன்னத்து வழியா போகுது. ஒரு வாண்டு சோப்ப 'தோப்பு'ங்கறான். பதினொண்ணும் பதினொரு விதம், அதான் எனக்கு வேடிக்கையா இருக்கு. ஒரே ஒரு சத்தம்! அத தப்பு பண்ண இத்தன வழியா?

தொப்பிக்காரின்னு ஒருத்தி, மூணாம் வகுப்பு. தொப்பிய கழட்டவே மாட்டா. கிளாஸ்ல பாடம் வாசிக்கச் சொன்னா 'ச' வர்ற வார்த்தைய அப்படியே தாண்டிப் போயிடுவா. நான் "ஏன்டி தாண்டற?"ன்னா, "நீங்க குட்டையப் பாத்தா மிதிப்பீங்களா?"ங்கறா. ஏழரை வயசு!

பாம்பு சத்தம்தான் முதல் பாடம். பேச்சு டீச்சர் மேடம் அவங்க குரல்ல அத பதிவு பண்ணி ஒரு சின்ன பிளேயர் குடுத்திருக்காங்க, தினமும் அத போட்டுத்தான் பழக்கணும்னு சொன்னாங்க. ரெண்டாவது வாரமே பேட்டரி செத்துடுச்சு. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா ஒரு மாசம் ஆகும். நம்ம வாய் எதுக்கு இருக்கு? நானே ஸ்ஸ்ஸ்னு சீறிக் காட்டறேன். பிள்ளைங்களுக்கு பிளேயர விட என்னத்தான் பிடிச்சிருக்கு.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 1

அன்புள்ள பாப்பா,

நலம், நலம் அறிய ஆவல். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. அம்மாவிடம் சொல்லாதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'ச' சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை. கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நுனி எங்கும் தொடவில்லை, நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம், அதன் வழியே காற்று. சமையல்காரர் பின்னால் நின்று "சார், காய்ச்சல் முத்திடுச்சா?" என்றார்.

காற்றளக்கும் கருவி இருக்கும் எங்கள் கோபுரத்தில் போன வாரம் ஒரு சீட்டிச் சத்தம். உச்சியிலிருந்து வருவதாகத்தான் கேட்டது. மூன்று நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் அடியில் ஒரு கம்பி தளர்ந்திருக்கிறது. சத்தம் கேட்கும் இடம் வேறு, காரணம் இருக்கும் இடம் வேறு.

காற்று: தென்மேற்கு, பலம்.

அண்ணன்


செப்டம்பர் 3

அண்ணா,

உடம்பு இப்ப எப்படி? அம்மாகிட்ட சொல்லல. எனக்கு இங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு, வேலைதான் சீக்குல விழுந்துடுச்சு.

மூணு மாசத்துக்கு ஒருக்கா மேடம் எல்லாப் பிள்ளைங்க பேச்சையும் பதிவு பண்ணுவாங்க. போன வியாழன் பண்ணாங்க. முதல் பிள்ளை "சைக்கிள், சூரியன், சோப்பு". மேடம் நெத்திய சுருக்கினாங்க. ரெண்டாவது பிள்ளை. மெஷின தட்டினாங்க. மூணாவது பிள்ளைக்கு மெஷினையே மாத்தினாங்க. பதினொரு பேரும் முடிச்சதும் ஜன்னல சாத்திட்டு எல்லாத்தையும் திரும்பப் போட்டுக் கேட்டாங்க. பதினொரு பேருக்கும் நாக்கு சரியான எடத்துக்கு வந்துடுச்சு. பதினொரு பேருக்கும் 'ச'வோட வால்ல மெல்லிசா ஒரு விசில். ஒரே விசில்! அச்சுல வார்த்த மாதிரி.

அப்பறம் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு, சைக்கிள்"னாங்க.

சொன்னேன். அவ்ளோதான். எனக்கே கேட்டுச்சு.

"பிளேயர் எங்க?"

"பேட்டரி இல்ல மேடம். என் வாயால..."

நான் திட்டு வாங்க ரெடியா இருந்தேன். அவங்க குட்டி நாற்காலியில பொத்துன்னு உக்காந்துட்டாங்க. "முதல் நாளே உன் விசில கேட்டேன்மா. கேக்காம யாரையும் திருத்தக்கூடாதுன்னு எனக்கு ஒரு கொள்கை. பஸ் கண்டக்டர், டாக்டர், சொந்த நாத்தனார், யாரையும் திருத்த மாட்டேன். அந்த மரியாதையில உன்னயும் விட்டேன். பாதித் தப்பு என்னது"ன்னாங்க.

ஹெட்மாஸ்டர் பாதி கீதி எல்லாம் கேக்க மாட்டார். டிசம்பர்ல மறுபடி பதிவு. அதுக்குள்ள பிள்ளைங்க விசில் போகணும். இல்லன்னா நான் போகணும். அதுவரைக்கும் அறைக்குள்ள நான் வாயத் தொறக்கக் கூடாது, பிளேயர் மட்டும்தான். தொப்பிக்காரிக்கு செம கோவம். "இப்பத்தானே அழகா வந்துச்சு, இதையும் எடுக்கணுமா?"ங்கறா. பாவம், மூணு மாசம் கஷ்டப்பட்டு என் ஓட்டைய கத்துக்கிட்டிருக்கா.

வேற எதை விட்டப்பவும் எனக்கு வலிக்கல. இத விட மனசு வரல. அதனால மேடம்கிட்ட என்னயும் சேத்துக்குங்கன்னு கேட்டேன். பிள்ளைங்களுக்கு நிரப்பற ஃபாரம் ஒண்ண எனக்கும் குடுத்தாங்க. நாலாவது கேள்வி: 'எப்போதிலிருந்து?' அம்மாவக் கேட்டேன். "எனக்கென்ன ஞாபகம், உன்ன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவன் அவன்தான், அவனக் கேளு"ங்கறா. அப்பா என்ன குக்கர்னு கூப்பிட ஆரம்பிச்சது பல்லு ஒடஞ்சதுக்கப்பறம்தான். காத்துல கதவு அடிச்சு முன்பல்லு முனை ஒடஞ்ச அந்தக் கதை. அதுதானா? இல்ல அதுக்கு முன்னாடியேவா? ஒரு வரி எழுதிப் போடு.

உன் தங்கச்சி


செப்டம்பர் 21

அன்புள்ள பாப்பா,

நலம். காய்ச்சல் போயே போய்விட்டது.

கடல் இந்த மாதம் சரியில்லை. படகு இரண்டு நாள் தாமதம். கோபுரத்துக்குப் புதிய கம்பி வந்துவிட்டது. சமையல்காரர் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்திருக்கிறார், அது மழைமானிக்குள் படுத்துக்கொண்டு எங்கள் கணக்கைக் கெடுக்கிறது.

வேலையை விட்டுவிடாதே.

காற்று: மாறி மாறி.

அண்ணன்


அக்டோபர் 5

அண்ணா,

பூனைக்குட்டி சௌக்கியமா? அதப் பத்தி நாலு வரி எழுதியிருக்க. நான் கேட்டதுக்கு அரை வரி இல்ல.

ஒண்ணு சொல்லட்டா? தீவுக்குப் பார்சல் குடுக்கற கவுண்டர்ல உங்க சமையல்காரர் வீட்டம்மாவ பாத்தேன். நல்ல மனுஷி. "உங்க அண்ணனுக்கு ரொம்பப் பெரிய மனசும்மா, ஞாயித்துக்கெழம அவரோட பத்து நிமிஷத்தையும் எங்களுக்கே குடுத்துடறார், லைன் கண்ணாடி மாதிரி கேக்கும்"னு சொல்லுது. நான் ஆமாக்கா ஆமாக்கான்னு தலையாட்டிட்டு வந்தேன்.

லைன் எடுக்கலன்னு அம்மாவ எவ்ளோ நாள் ஏமாத்துவ? அம்மாகிட்ட பேச உனக்கு என்ன? இல்ல, போன எடுக்கறது நானுங்கறதுதான் பிரச்னையா? யோசிச்சுப் பாத்தேன். வீட்ல எல்லாரும் குக்கர்னு கூப்பிட்டாங்க, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட அந்தப் பேர் தெரியும். நீ மட்டும் ஒரு நாளும் கூப்ட்டதில்ல. நான் பேசினா எழுந்து வேற ரூமுக்குப் போவ. படிக்கறன்னு நெனச்சேன்.

அடுத்த வாரம் பல் டாக்டர்கிட்ட போறேன். ஒடஞ்ச முனைய அடைச்சுட்டா விசில் நிக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. மேடம் "பாக்கலாம்"னாங்க. அவங்க 'பாக்கலாம்'னா நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்.

உடம்பப் பாத்துக்கோ. கோவம் உடம்பு மேல இல்ல.

தங்கச்சி


அக்டோபர் 26

அண்ணா,

ரெண்டு படகு வந்துது. உன் கடிதம் வரல. சௌக்கியமா இல்லையான்னு மட்டும் எழுது போதும்.

பல்ல அடைச்சாச்சு. அரை மணி நேரம், வலியே இல்ல. கண்ணாடியில பாத்தா வேற யாரோ மாதிரி இருக்கேன். நேரா பள்ளிக்கு ஓடினேன், மேடம் முன்னாடி நின்னு "சைக்கிள்"னேன்.

விசில்.

"சூரியன்". விசில். "சோப்பு". கேக்கவே வேணாம், ரயிலே கெளம்பிடும்.

எனக்கு அழுகையா வந்துச்சு. மேடம் டார்ச் அடிச்சு என் வாய்க்குள்ள பாத்துட்டு, எதோ புதையல் கெடச்ச மாதிரி, "அட! காத்து பல்லு வழியா வரவே இல்லம்மா. உன் நாக்கு நடுவுல வாய்க்கால் ரொம்ப ஒடுக்கம்"னாங்க. பல்லு ஒடஞ்சப்ப நாக்கு அப்படிப் பழகியிருக்கலாம், இல்ல அதுக்கு முன்னாடியே இருந்திருக்கலாமாம். நாலாவது கேள்வி இன்னும் காலியா இருக்கு. அத நிரப்பாம அடுத்த பக்கம் திருப்ப மாட்டேங்கறாங்க, அவங்க கொள்கை அப்படி.

பிள்ளைங்கள்ல அஞ்சு பேருக்கு விசில் போயிடுச்சு. ஆறு பாக்கி. என்ன சேத்தா ஏழு.

தங்கச்சி


நவம்பர் 9

அன்புள்ள பாப்பா,

நான் நலமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

கதவு காற்றில் அடித்தது என்று பதின்மூன்று வருடமாக வீட்டில் சொல்கிறோம். முதலில் சொன்னது நான். எல்லோரும் நம்பினார்கள். நீயும் நம்பினாய்.

அன்று காற்று இல்லை.

நான் வகுப்புக்குப் போகாததை நீ அப்பாவிடம் சொல்லிவிட்டாய். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ வெளியே நின்று கதவிடுக்கில் வாயை வைத்து, "மாட்டிக்கிட்டான், மாட்டிக்கிட்டான்" என்று பாடினாய். அது உன் பக்கம் திறக்கும் கதவு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் உதைத்தேன்.

அதற்குப் பிறகு நீ பேசும்போதெல்லாம் அந்தச் சத்தம். எல்லோரும் சிரித்துக் குக்கர் என்றார்கள். கல்லூரியில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அம்மா சொன்னாள், நீ படிப்பை விட்டாய். இங்கே வேலை என்றதும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். போனில் எல்லாவற்றையும் விடத் தெளிவாகக் கேட்கும் சத்தம் அது.

உன் நாலாவது கேள்விக்குப் பதில்: ஒன்பது வயதிலிருந்து. காரணம் என்ற இடத்தில் என்னை எழுது.

அண்ணன்


நவம்பர் 19

அண்ணா,

நான் நல்லா இருக்கேன். அத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உன் கடிதம் வந்து ரெண்டு நாள் நான் நல்லா இல்ல. உன் கடிதத்த மூணு துண்டாக் கிழிச்சேன். அப்பறம் ஒட்டினேன். டேய், பதின்மூணு வருஷமா காத்து மேல பழியப் போட்டுட்டு, அந்தக் காத்த அளக்கற வேலைக்கே போயிருக்கியே, உன்ன என்ன சொல்றது?

மேடம்கிட்ட போய், "எழுதிக்குங்க மேடம், ஒம்போது வயசு"ன்னேன். பேனாவ எடுத்தாங்க, வச்சுட்டாங்க. "உங்க அண்ணன் குத்த உணர்ச்சியில சொல்றார். குத்த உணர்ச்சி சாட்சி சொன்னா நான் எழுத மாட்டேன். பழைய பதிவு எதாவது இருக்கா?"

அலமாரியக் கவுத்தேன். மாமா கல்யாண சிடி கெடச்சுது. அப்ப எனக்கு அஞ்சு வயசு, உனக்கு பதினொண்ணு. பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டோம். ஹெட்மாஸ்டர், கிளார்க், மேடம், நான், நடுவுல கேக்காம நுழைஞ்ச தொப்பிக்காரி. நாப்பது நிமிஷம் யார் யாரோ கை கழுவறாங்க. திடீர்னு நான். யாரோட மைக்கையோ புடுங்கி, கேமராவப் பாத்து, ஊருக்கே கேக்கற மாதிரி, "சித்தி, சாப்பாடு எப்ப?" மூணு தடவ. கேமராக்காரருக்கு சிரிப்பு தாங்கல, என் மூஞ்சிக்குக் கிட்ட வந்துட்டார். பால்பல்லு அத்தனையும் வரிசையா, ஒண்ணுகூட விழல.

சித்தி. விசில். சாப்பாடு. விசில்.

மேடம் கண்ண மூடிட்டு அஞ்சு தடவ கேட்டாங்க. தொப்பிக்காரி, "அக்கா, இது நம்ம விசில்!"னு கத்தினா. மேடம் பேனாவ எடுத்து நாலாவது கேள்விக்கு எழுதினாங்க: 'பேசத் தொடங்கிய நாளிலிருந்து.' சின்னப்ப எல்லாரும் அத மழலைன்னு விட்டிருக்காங்க. பல்லு ஒடஞ்சதும் பல்லாலன்னு நெனச்சிருக்காங்க. சத்தம் கேக்கற எடம் வேற, காரணம் இருக்கற எடம் வேறன்னு எனக்கு எழுதினது யாரு? உன் கம்பிய மட்டும்தான் தேடுவியா?

கவனமாக் கேளு. பல்ல ஒடச்சது நீ. அதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேளு, நான் யோசிக்கறேன். விசிலுக்குக் கேக்காத. அது என் சொந்தச் சரக்கு. காலேஜ விட்டது போரடிச்சு. சிரிச்சாங்கதான், கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனா அதையும் உன் கணக்குல எழுத விட மாட்டேன்.

மெமரி கார்டுல அந்த வீடியோவ அனுப்பறேன். என் பக்கத்துல நின்னு மைக்க இழுத்துட்டு, "இவளுக்கு எப்பவும் பசி"ங்கற பையன நல்லாப் பாரு. அவன் எவ்ளோ சிரிக்கறான்னு பாரு.

தங்கச்சி


டிசம்பர் 7

அன்புள்ள குக்கர்,

நலம்.

கேட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற வேலையில் இருப்பவன், இதை எண்ணவில்லை. சமையல்காரரும் பார்த்தார். "சாப்பாடு எப்பன்னு கேக்கற பிள்ளைதான் சார் எனக்குப் பிடிச்ச பிள்ளை" என்றார்.

பல்லுக்காக மன்னித்துவிடு. நீ யோசி. அவசரமில்லை.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. மீசையை எடுத்துவிட்டேன். பூனைக்குட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

காற்று: இல்லை.

அண்ணன்


டிசம்பர் 18

அண்ணா,

எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கடிதம் இன்னைக்குத்தான் வந்துது. கடிதத்துக்கு முன்னாடி நீயே போன்ல வந்துட்ட, இருந்தாலும் பதில் போடாம இருக்க முடியல.

ஞாயித்துக்கெழம மணி அடிச்சப்ப உங்க சமையல்காரர்தான் அவர் வீட்டுக்குப் போடப்போய் தப்பா நம்ம நம்பர போட்டுட்டார்னு நெனச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. "சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு நான் விசிலடிச்சுட்டே இருக்கேன். அப்பறம் ஒரு தடிச்ச குரல், ரொம்பப் பணிவா, "சித்தி, சாப்பாடு எப்ப?"ங்குது. அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்து, "யாருடி பசியோட இருக்கறது?"ன்னா. பத்து நிமிஷத்துல ஏழு நிமிஷம் சிரிப்பு, ரெண்டு நிமிஷம் அம்மா அழுகை, ஒரு நிமிஷம் அப்பா "மழை உண்டா?"ன்னு கேட்டார்.

பதிவு நேத்து முடிஞ்சுது. பத்து பேருக்கு விசில் சுத்தமாப் போயிடுச்சு. தொப்பிக்காரிக்கு மட்டும் இருக்கு. அவளால விட முடியாம இல்ல, மனசில்ல. ஆனா இப்ப கிளாஸ்ல ஒரு வார்த்தையும் தாண்டறதில்லையாம், குட்டையில குதிச்சுக் குதிச்சு வாசிக்கறாளாம். மேடம் அத எழுதி ஹெட்மாஸ்டர்கிட்ட நீட்டினாங்க. அவர் அத படிச்சுட்டு, "அடுத்த அரையாண்டுக்கும் இவங்களே இருக்கட்டும், பேட்டரி மட்டும் நிறைய வாங்கி வைங்க"ன்னார்.

பட்டியல்ல பன்னெண்டாவது பேர் என்னது. பன்னெண்டாவது குட்டி நாற்காலியும் என்னது, முட்டி தாடைல இடிக்குது. கண்ணாடி முன்னாடி தொப்பிக்காரியும் நானும் ஜோடி. இன்னைக்கு நான் "சோப்பு"ன்னதும் அவ தொப்பிய பின்னுக்குத் தள்ளி, "அக்கா, நாக்க அகலப்படுத்துங்க, காத்துக்கு வழி விடுங்க"ங்கறா. இவ மட்டும் விட மாட்டாளாம், எனக்கு உத்தரவு போடறா.

நம்ம பத்து நிமிஷம் இனிமே நம்மளுது. சமையல்காரர் வீட்டம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். லைன் கண்ணாடி மாதிரிதான் இருக்கு, அந்தம்மா பொய் சொல்லல.

பல்லுக்கு இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.

குக்கர்